'தரிசு' என்று எழுதினால் தரிசாகிவிடுமா? நிலம் பற்றிய கேள்வி-பதில்

வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு இருக்கிறது. கிளுவைச் செடியாலான உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டால் கால் ஏக்கர் கூடும் என்கிறான் மகன். செய்யலாமா?

மகன் கணக்கு தப்பில்லை, வேலி இடத்தை அடைக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கால் ஏக்கர் என்ன வேலை பார்க்கிறது என்று அவரை ஒரு நாள் வேலியோரம் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மழைத்தண்ணீர் அரித்துவரும் மண் கிளுவைத் தூரில்தான் நிற்கும். கவுதாரியும் கீரியும் அதற்குள்தான் குடியிருக்கும். கம்பி துருப்பிடித்தால் மறுபடி காசு. கிளுவையில் சந்து விழுந்தால், மழைக்கு முன்னால் நாலு போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டால் போதும்.

கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேலம், சுற்றிலும் கிளுவை, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. புல் ஒரு மழைக்கே துளிர்த்துவிடும், காய்ந்தாலும் மாடு தின்னும். கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காட்டை வேலியால் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் ஒரு பகுதி மேயும்போது இன்னொன்று தேறிக்கொள்கிறது. காங்கேயம் மாடு வளர்ந்த இடமே இதுதான். பயிர் இல்லை என்பதற்காக அடங்கலில், அதாவது ஊரின் பயிர்க் கணக்கில், 'தரிசு' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் சோலார்க்காரரும் மனைக்காரரும் வந்து நிற்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லின் மேல் நெடுநாள் கோபம் உண்டு.

வரப்பில் இருக்கும் பட்டுப்போகாத பனையை வெட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். உங்கள் பட்டா நிலம்தானே என்று ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

திருவாரூர் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்கிறார்கள். அப்புறம் எங்கள் ஊர் நஞ்சையில் மனை போடுவது எப்படி?

பலரும் குழம்பும் இடம் இது. 2020இல் வந்த அந்தச் சட்டம், எண்ணெய்-எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற குறிப்பிட்ட தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. மனைக்கு வேறு வழி, அதாவது நில உபயோக மாற்ற அனுமதியும் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும். அதனால் 'இது வேளாண் மண்டலம்' என்று மட்டும் மனு எழுதினால் நிற்காது.

வாய்க்காலைப் பிடியுங்கள். டெல்டாவில் ஒரு வயலை மண்ணடித்து மேடாக்கினால், மேல்வயல்காரரின் தண்ணீர் வடிய வழி இருக்காது. நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலை வாங்கி, பாசன வாய்க்காலும் வடிகாலும் எந்தப் புல எண்களில் போகின்றன என்று குறித்து, பாதிக்கப்படும் வயல்காரர்களின் கையெழுத்தோடு அனுமதி வருவதற்கு முன்பே ஆட்சியரிடம் கொடுங்கள். அரசு வாய்க்கால் புறம்போக்கை யாரும் மனையாக விற்க முடியாது. கல் நட்ட பிறகு போனால் அலைச்சல்தான்.

கண்மாயில் சீமைக் கருவேலத்தை வெட்டினோம். மறு வருடமே புதராகிவிட்டது. என்ன தவறு?

வெட்டியதுதான் தவறு, அடிக்கட்டையிலிருந்து தழைத்துவிடும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். எடுத்தாலும் விதை மண்ணில் கிடக்கும். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தில் போடுவதும் முளைக்கும். கன்றாக இருக்கும்போதே சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்கினால்தான் அடங்கும். காலி இடத்தில் நாட்டுக் கருவேலத்தையும், ஈரம் நிற்கும் ஓரங்களில் நீர்மருதையும் வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். இராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு இந்த மரம்தான் சோறு போடுகிறது. அவர்களிடமே விறகை விட்டு, தூரைத் தோண்டும் வேலையையும் பேசிக்கொள்ளலாம். முதல் மழைக்கு விதை முளைத்துவிடும். அதைப் பிடுங்குவது யார் என்று ஊரில் இப்போதே பேசி வையுங்கள்.