கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டியவை: மருத்துவக் கேள்வி பதில்

மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை மருத்துவ ஆராய்ச்சி, அரிய நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருக்கிறோம். தோலில் வந்திருப்பது ரொம்ப அபூர்வமான நோய் என்கிறார்கள். போட்டோ எடுத்தார்கள். ‘ஜர்னலில் போடப்போகிறோம், கையெழுத்துப் போடுங்கள்’ என்று மராத்தியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போடலாமா? மறுத்தால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களா?
— வாசகி, ஆண்டாப் ஹில்

பதில்: நிறுத்தக் கூடாது. மறுத்தாலும் அதே வார்டு, அதே மருந்து, அதே டாக்டர்தான். இதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பயத்தில் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

மருத்துவமனையில் கையெழுத்துக் கேட்டு வரும் தாள்கள் பல வகை. ஆபரேஷன், மயக்க மருந்து போன்ற சிகிச்சைக்கான ஒப்புதல் ஒன்று. புது மருந்துப் பரிசோதனையில் சேர்வதற்கான ஒப்புதல் இன்னொன்று. உங்களிடம் வந்திருப்பது மூன்றாவது வகை: ஒரு நோயாளிக்கு வந்த நோயையும் கொடுத்த சிகிச்சையையும் மற்ற டாக்டர்கள் படிப்பதற்காக எழுதும் கட்டுரைக்கான ஒப்புதல். இதற்காக அப்பாவுக்குப் புதிதாக எந்த மருந்தும் கொடுக்க மாட்டார்கள், ஊசியும் போட மாட்டார்கள். நடந்ததை எழுதுவார்கள், அவ்வளவுதான். பணமும் கிடைக்காது. படிவத்தில் மருந்தின் பெயரோ, ‘குழு 1, குழு 2’ என்றோ இருந்தால் அது இரண்டாவது வகை, மருந்துப் பரிசோதனையாக இருக்கலாம். கையெழுத்துப் போடாமல் விவரம் கேளுங்கள்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். அது இல்லாவிட்டால், தமிழ் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் படித்துச் சொல்ல வேண்டும். அவர் கட்டுரை எழுதும் டாக்டர்களைச் சேராதவராக இருந்து சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டால் நல்லது. தமிழ் பேசும் நர்ஸோ சமூகப் பணியாளரோ மும்பை ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கிடைப்பார்கள்.

எந்தப் படங்கள் போகின்றன என்று மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது, மருத்துவ இதழ்களின் பன்னாட்டு விதிகளே அதை ஏற்பதில்லை. நோய் முதுகில் இருந்தால் முகம் எதற்கு? கையில் பச்சை குத்திய பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள். பெயரை எடுத்துவிட்டாலும், வயது, பேட்டை, தொழில், அபூர்வ நோய் நான்கும் ஒன்றாக இருந்தால் தெருக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். தொழிலுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லையென்றால் தொழிலை எடுத்துவிடச் சொல்லலாம்.

அச்சாகும்வரை ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இணையத்தில் ஏறிய பிறகு எங்கெல்லாம் பிரதி போயிருக்கிறதோ அதையெல்லாம் யாராலும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே யோசிப்பதற்கு ஒருநாள் அவகாசம் கேளுங்கள், படிவத்தின் பிரதியையும் வாங்கி வையுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் ஒப்புக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து. இதே நோயோடு வேறெங்கோ ஒருவர் டாக்டர் முன்னால் உட்காரும்போது, அந்த டாக்டர் தேடிப் படிப்பதற்கு அப்பாவைப் பற்றிய கட்டுரை இருக்கும்.

கேள்வி: என் தங்கையின் ரத்த அட்டையில் ‘ஓ பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் எந்த ஓ ரத்தமும் சேரவில்லை. பிறகு ‘பாம்பே குரூப்’ என்றார்கள். அட்டை தப்பா? எங்களுக்கும் அது இருக்குமா?
— வாசகர், செம்பூர்

பதில்: பெயர் சொல்கிறபடி, இது நம் ஊரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய சகாக்களும் 1952-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். சில பேரின் ரத்தம் எதனோடும் சேரவில்லை என்ற கவனிப்பிலிருந்து வந்த கட்டுரை அது.

ஏ, பி இரண்டும் ‘எச்’ என்ற அடிப்படைப் பொருளின் மேல்தான் உருவாகின்றன. ஓ குரூப்காரர்களின் சிவப்பணுவில் ஏ, பி கிடையாது, ஆனால் எச் நிறைய உண்டு. பாம்பே குரூப்பில் அந்த எச்சே இல்லை. அட்டைக்காகச் செய்யும் சோதனையில் நோயாளியின் சிவப்பணுவை ஏ, பி எதிர்ப்பொருள்களோடு மட்டும் கலந்து பார்த்தால் எதுவும் திரளாது (கட்டியாகச் சேராது). ‘ஓ’ என்று எழுதிவிடுவார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தை) எடுத்து ஏ, பி, ஓ மூன்று வகைச் சிவப்பணுக்களோடும் கலந்து பார்க்கும் தலைகீழ்ச் சோதனையைச் செய்திருந்தால், ஓ செல்கள் பலமாகத் திரண்டிருக்கும். உண்மையான ஓ குரூப்காரருக்கு அப்படித் திரளாது. பிறகு யுலெக்ஸ் என்ற செடியின் விதையிலிருந்து எடுக்கும், எச்சோடு ஒட்டும் லெக்டின் என்ற புரதத்தைக் கொண்டு உறுதிப்படுத்துவார்கள்.

இவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றுவது ஆபத்து. சீரத்தில் இருக்கும் எச் எதிர்ப்பொருள் உடல் வெப்பத்திலேயே வேலை செய்து, ஏற்றிய அணுக்களை உடைத்துவிடும். பாம்பே குரூப் ரத்தம் மட்டுமே ஏற்றலாம். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவு. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால், தங்கையின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாம். சேர்ப்புக் கரைசலோடு குளிரில் வைத்த சிவப்பணு 42 நாள் தாங்கும்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இது ஏற்படும். பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பிரதி சுமப்பவர்கள் என்றால், உங்களுக்கும் மற்ற உடன்பிறப்புகளுக்கும் இருப்பதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இது சற்று அதிகமாகத் தெரிவதும் அதனால்தான். எல்லோரும் சோதித்துக்கொள்ளுங்கள், தங்கைக்கு ரத்தம் கொடுக்கக்கூடியவர் வீட்டிலேயே இருக்கலாம். பரேலில் கே.இ.எம். வளாகத்தில் இருக்கும் தேசிய இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனத்துக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. ரத்த வங்கி மூலம் அங்கே மாதிரி அனுப்பலாம்.

இன்னொன்று. அட்டையில் ‘ஓ’ என்று இருக்கும் பாம்பே குரூப் தாய்க்கும், ஓ குரூப் தகப்பனுக்கும் ‘பி’ குழந்தை பிறக்கலாம். தாயிடம் மறைந்திருந்த பி மரபணு, தகப்பனிடமிருந்து எச் கிடைத்ததும் குழந்தையிடம் வெளிப்படுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பெண்ணைச் சந்தேகப்படுவது பெரிய அநியாயம். குடும்பத்தில் எல்லோருக்கும் இதை விளக்கி வையுங்கள்.

கேள்வி: நான் பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். வழக்கமான மருந்து ஒன்றால் அபூர்வமான பக்கவிளைவு வந்த நோயாளி எங்கள் வார்டில் இருக்கிறார். கட்டுரை எழுத வேண்டும். எங்கே தொடங்குவது? பெரும்பாலும் எதனால் நிராகரிப்பார்கள்?
— வாசகர், பரேல்

பதில்: நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் தொடங்குங்கள். திருநெல்வேலிக்கோ அசம்கருக்கோ போய்விட்டவரிடம் பிறகு கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்கும். பல இதழ்கள் தங்களுடைய ஒப்புதல் படிவத்தை மட்டுமே ஏற்கும். எனவே எந்த இதழ் என்பதை இப்போதே முடிவு செய்து, அதன் படிவத்திலேயே வாங்குங்கள். நோயாளி சிறுவர் என்றால் பெற்றோரிடமும், இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடமும் வாங்க வேண்டும். ஆராய்ச்சியின் நெறிமுறைகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து கடிதமோ விலக்கோ வேண்டுமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். முதல் வாரமே கமிட்டி அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது காலவரிசை. காலண்டர் தேதியை விட்டுவிட்டு, மருந்து தொடங்கிய நாளை 1-ஆம் நாள் என்று வையுங்கள். எந்த நாளில் என்ன அறிகுறி, என்ன டோஸ், எந்த அளவு ஏறியது, மருந்தை நிறுத்தியதும் எத்தனை நாளில் இறங்கியது என்று ஒரே அட்டவணையில் வர வேண்டும். ஒவ்வொரு ரிப்போர்ட் எண்ணுக்கும் அலகும், உங்கள் லேபின் இயல்பு வரம்பும் கூடவே போகட்டும். இயல்பாக வந்த சோதனைகளையும் எழுதுங்கள். ‘வேறு காரணம் இல்லை’ என்பதை நிரூபிப்பவை அவைதான், பலர் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். வைரல் ஹெபடைடிஸ் சோதனைகள் இல்லாமல் ‘மருந்தால் கல்லீரல் பாதிப்பு’ என்று எழுதினால், இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளர் அடுத்த பத்தியைப் படிக்க மாட்டார். கஷாயம், லேகியம், கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் நோயாளியின் மொழியிலேயே கேளுங்கள். ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்றால் ‘இல்லை’ என்பார்கள். நாட்டு மருந்து அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை.

பக்கவிளைவுக்கு அந்த மருந்துதான் காரணமா என்பதை நரஞ்சோ அளவுகோல் என்ற மதிப்பெண் பட்டியலால் மதிப்பிடுங்கள். 1981-இல் வந்த இதில் பத்துக் கேள்விகள்: 9-க்கு மேற்பட்டால் அல்லது 9 என்றால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக, 1 முதல் 4 வரை சாத்தியம், அதற்குக் கீழே சந்தேகம். மருந்தை மறுபடி கொடுத்துப் பார்த்தால் மதிப்பெண் கூடும் என்பதற்காக மறுபடி கொடுக்காதீர்கள். கட்டுரைக்காக நோயாளியைத் திரும்ப நோயில் தள்ளக் கூடாது.

இத்தகைய நோயாளிக் கட்டுரைகளை எழுதுவதற்காக 2013-இல் வெளியான ‘கேர்’ வழிகாட்டியின் சரிபார்ப்புப் பட்டியலை எழுதும் முன்பே எடுத்து வையுங்கள். அதில் நோயாளியின் பார்வைக்கென்று ஓர் இடம் உண்டு. அவர் தமிழிலோ மராத்தியிலோ சொன்னதைக் குறித்துக்கொண்டு பிறகு மொழிபெயருங்கள்.

‘உலகிலேயே முதல்’ என்று எழுதும் ஆசையை விடுங்கள். நோயின் பழைய பெயர், மாற்று எழுத்துக்கூட்டல், மருந்தின் குழுப்பெயர் எல்லாவற்றையும் கொண்டு பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடுங்கள். தேடிய சொற்களையும் நாளையும் குறித்து வைத்து, ‘இந்த நாள்வரை எங்கள் தேடலில் கிடைக்கவில்லை’ என்று எழுதினால் போதும்.

படங்களில் இரண்டு பொறிகள் உண்டு. ஸ்கேன் கோப்பின் திரையில் பெயரை மறைத்தாலும், டைகாம் (ஸ்கேன் கோப்பு வடிவம்) தலைப்பில், அதாவது கோப்போடு சேர்ந்த விவரப் பகுதியில், பெயரும் பதிவு எண்ணும் உட்கார்ந்திருக்கும். அதற்கான மென்பொருளால் நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள். பவர்பாயின்ட்டில் வெட்டிய படத்தின் வெட்டுப்பட்ட பகுதி கோப்பிலேயே இருக்கும். யாரும் இழுத்துத் திறக்கலாம். வெட்டிய பகுதியை நிரந்தரமாக அழிக்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, தொடர் கண்காணிப்பு. ‘நோயாளி நலமாக உள்ளார்’ என்ற வரியால் பயனில்லை. எத்தனையாவது வாரத்தில், எந்தச் சோதனையில், என்ன அளவு என்று வேண்டும்.

கேள்வி: ஒரே ஒரு நோயாளியை வைத்து எழுதுவதற்கு என்ன மதிப்பு?
— வாசகர், மாட்டுங்கா

பதில்: இந்த மருந்து பலன் தரும் என்று நிரூபிக்க அது போதாது. அபாயத்தை முதலில் பார்ப்பதற்கு அதைவிட வேகமான வழியும் இல்லை. 1961 டிசம்பரில் ஆஸ்திரேலிய டாக்டர் மெக்பிரைட் லான்செட்டுக்கு எழுதிய சிறு கடிதம், கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைட் மாத்திரைக்கும் குழந்தைகளின் கைகால் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க வார அறிக்கை ஒன்றில் வந்த ஐந்து நிமோனியா நோயாளிகளின் விவரம்தான் எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு.

கேள்வி: அம்மாவைப் புது மருந்து ஆராய்ச்சி ஒன்றில் சேரச் சொல்கிறார்கள். மே மாதம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போவோம். சேரலாமா?
— வாசகர், தாராவி

பதில்: சேர்வதற்கு முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் ஆராய்ச்சியின் நோக்கம், நடக்கும் மருத்துவமனைகள், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எல்லாம் தெரியும். உங்கள் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பை டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இவையெல்லாம் தகவல் தாளில் இருக்கும். தமிழில் கேட்டு வாங்குங்கள், கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வெற்று மாத்திரை (மருந்தே இல்லாத, ஒப்பிடுவதற்கான மாத்திரை) வரும் வாய்ப்பு உண்டா, அப்படி வந்தால் இப்போதைய வைத்தியம் தொடருமா என்று நேராகக் கேளுங்கள்.

ஊர்ப்பயணம் சாதாரண விஷயமில்லை. ஒவ்வொரு வருகைக்கும் முன்பின் சில நாள்தான் அவகாசம் இருக்கும். பயணத் தேதியைச் சேரும்போதே சொன்னால் அட்டவணையை அதற்கேற்ப அமைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். சொல்லாமல் போனால் அம்மாவின் தகவல் வீணாகிவிடும், கண்காணிப்பும் அறுந்துவிடும். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய ஊசி மருந்தென்றால், ரயிலில் ஒன்றரை நாள் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலியான மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுங்கள். மாத்திரையை எண்ணித்தான் சாப்பிட்டதை உறுதி செய்வார்கள். ஆராய்ச்சியில் இருப்பதைக் காட்டும் ஆராய்ச்சி அட்டை எப்போதும் அம்மாவின் பையில் இருக்கட்டும். ஊரில் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துத்தான் என்ன மருந்து என்று அங்குள்ள டாக்டர் தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: மருந்தால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. யாரிடம் சொல்வது?
— வாசகி, முலுண்ட்

பதில்: உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாயிலும் கண்ணிலும் புண் வந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி, மருந்து எழுதிய டாக்டரிடம் காட்டிவிட்டு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-க்குச் சொல்லுங்கள். நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தொடங்கிய நாள், தடிப்பு வந்த நாள் இவை வேண்டும். பேட்ச் எண் அட்டையின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். மாத்திரையை அந்தப் பக்கத்திலிருந்து பிய்த்துவிட்டால் எண் போய்விடும். எதிர்ப்பக்கத்திலிருந்து பிய்க்கப் பழகுங்கள்.