சந்தேகம் கேட்டால் தூஷணமா?

கேள்வி: எங்கள் சபையில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் அத்தைக்காக ஜெபித்துவிட்டு, "சுகம் கிடைத்துவிட்டது, இனி சர்க்கரை மாத்திரை வேண்டாம்" என்றார். "இது கர்த்தர் சொன்ன வார்த்தைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். உடனே அவர், "நீ பரிசுத்த ஆவியானவரைத் தூஷித்துவிட்டாய், இதற்கு இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பு கிடையாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தாலே ஆண்டவருக்கு எதிரான அசிங்கமான வார்த்தைகள், நான் விரும்பாமலே, மனதில் ஓடுகின்றன. நான் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை, சகோதரி. நீங்கள் அப்படி எதையும் செய்யவில்லை. அத்தை மாத்திரையை நிறுத்தியிருந்தால் முதலில் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மீதியை வந்து வாசிக்கலாம்.

அந்த ஊழியக்காரர் உங்கள் மேல் வீசிய வசனம் மத்தேயு 12-லும் மாற்கு 3-லும் இருக்கிறது. லூக்கா 12-லும் ஒரு வரி உண்டு. முன்னும் பின்னும் வெட்டிவிட்டு அந்த ஒரு வசனத்தை மட்டும் கையில் எடுத்தால் யார் தலையிலும் போடலாம். முழு அதிகாரத்தையும் வாசித்தால் சங்கடம் அவருக்குத்தான்.

நடந்தது இதுதான். பிசாசு பிடித்து, குருடும் ஊமையுமாய் இருந்த ஒருவனை இயேசு குணமாக்குகிறார். அவனுக்குப் பேச்சும் பார்வையும் வருகிறது. ஜனங்கள் ஆச்சரியப்பட்டு, இவர் வரவேண்டிய மேசியாவாகிய தாவீதின் குமாரன்தானோ என்று பேசிக்கொள்கிறார்கள். ஜனங்கள் இவர் பக்கம் சாய்வதைப் பார்த்த பரிசேயர்கள், பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலைக் கொண்டுதான் இவன் பிசாசுகளைத் துரத்துகிறான் என்கிறார்கள். மாற்கு இதைச் சொன்னவர்களை 'எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர்' என்று எழுதுகிறார். அதாவது வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், எது தேவனுடைய கிரியை, எது இல்லை என்று ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவர்கள். கண்ணெதிரே நடந்த நன்மையை அவர்களால் மறுக்க முடியவில்லை. அதனால் அதைப் பிசாசின் கணக்கில் எழுதினார்கள். தங்கள் செல்வாக்கு போய்விடக் கூடாது என்பதற்காக, தெரிந்தே வெளிச்சத்தை இருட்டு என்றார்கள். அந்தக் கடுமையான வார்த்தை அவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அப்போதும் இயேசு, 'உங்கள் கதை முடிந்தது' என்று அவர்களை அனுப்பிவிடவில்லை. சாத்தானைச் சாத்தான் துரத்துவது எப்படி என்று உட்கார்ந்து வாதாடுகிறார், எச்சரிக்கிறார்.

மாற்கு 3-ல் பிரசங்கிகள் அதிகம் தொடாத ஒரு வசனம் உண்டு, 21-ஆம் வசனம். இயேசுவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி, அவருடைய சொந்த ஜனங்களே அவரைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். ஆண்டவரைப் பார்த்து இதைவிட என்ன சொல்ல முடியும்? ஆனால் அவர்களை நோக்கி இந்த எச்சரிக்கை வரவில்லை. குழம்பிப் போய்ப் பேசுகிறவர்கள் வேறு. உண்மை தெரிந்தும் அதைப் பிசாசு என்று முத்திரை குத்துகிறவர்கள் வேறு.

ஆகவே, மத அதிகாரம் உள்ளவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட வசனத்தை, மத அதிகாரம் உள்ள ஒருவர், கேள்வி கேட்ட ஒரு பெண்ணை நோக்கித் திருப்பியிருக்கிறார். இது விசுவாசம் அல்ல, மிரட்டல். 'எல்லா ஆவிகளையும் நம்பாமல்' சோதித்தறியச் சொல்கிறது யோவானின் முதல் நிருபம். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களைப் பாராட்டுகிறது. பவுலுக்கே அந்தக் கதி என்றால், உங்கள் ஊர் கூட்டத்துக்கு வந்தவர் எம்மாத்திரம்?

இன்னொன்று. இந்தப் பாவத்தை ஏதோ தடைசெய்யப்பட்ட மந்திரம் போல, வாயிலிருந்து வந்துவிட்டால் அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவில் சில நாத்திகர்கள், பரிசுத்த ஆவியை மறுக்கிறேன் என்று கேமரா முன் சொல்லி யூடியூபில் போடும்படி சவால் விட்டார்கள். ஒரு வாக்கியத்தில் பரலோகக் கதவு பூட்டிக்கொள்ளும் என்ற விஷயத்தில் அவர்களும் உங்கள் ஊழியக்காரரும் ஒரே கட்சி! பவுல், முன்பு தான் 'தூஷிக்கிறவன்' ஆக இருந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தான் தூஷித்ததோடு நில்லாமல், விசுவாசிகளைத் தண்டித்துத் தூஷணம் சொல்லக் கட்டாயப்படுத்தியதாகவும் அகிரிப்பா ராஜாவிடம் ஒப்புக்கொள்கிறார். அவருக்கு இரக்கம் கிடைத்தது.

மன்னிக்கப்படாத பாவம் எது என்ற கேள்வியோடு சபை ரொம்பக் காலம் மல்லாடியிருக்கிறது. 250-ல் ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்களைத் திரும்பச் சேர்க்கவே கூடாது என்று நொவேஷியன் என்ற ரோமாபுரிக் குரு தனிக்கூட்டம் சேர்த்தார். சபை அவர் பக்கம் போகவில்லை. 325-ல் நிசேயாவில் கூடிய சங்கம், அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பி வரும் குருமார், விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றே விதித்தது. அதற்குப் பின் வந்த அகஸ்தீன், வேதத்திலேயே கடினமான கேள்விகளில் ஒன்று என்று இதைச் சொல்லிவிட்டு, மன்னிப்பே வேண்டாம் என்று சாகும் வரை மனந்திரும்பாமல் நிற்பதுதான் அந்தப் பாவம் என்று விளக்கினார். இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது: தேவ இரக்கத்துக்கு எல்லை கிடையாது, அதை வேண்டுமென்றே மறுக்கிறவன் மன்னிப்பையும் சேர்த்து மறுக்கிறான். புராட்டஸ்டன்ட் போதகர்கள் சிலர் வேறு விதமாய் விளக்குவதுண்டு. ஆனால், செய்துவிட்டோமோ என்று அழுகிற மனதை இந்தக் கணக்கில் சேர்க்க அவர்களும் ஒப்பமாட்டார்கள்.

உங்களுக்கு ஜான் பனியனைத் தெரிந்திருக்கும். ஹென்றி ஆல்பர்ட் கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்துக்கு மூலநூல் எழுதிய ஆங்கிலேயர். அவர் 1666-ல் சிறையில் இருந்தபோது தன் சொந்தக் கதையையும் எழுதினார். கிறிஸ்துவை 'விற்றுவிடு, விற்றுவிடு' என்று ஒரு குரல் உள்ளே ஓயாமல் கேட்டதாம். முடியாது, முடியாது என்று போராடிக் களைத்து, ஒரு நாள் காலை, கிறிஸ்து போக விரும்பினால் போகட்டும் என்று ஒரு எண்ணம் ஓடிவிட்டது. அவ்வளவுதான், ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத் தன் பிறப்புரிமையை விற்ற ஏசாவைப் போலத் தானும் விற்றுவிட்டதாக நெடுங்காலம் நரக வேதனைப்பட்டார். வயதான ஒரு விசுவாசியிடம் போய், பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயமாயிருக்கிறது என்றார். பெரியவர் சொன்ன பதில்: எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது! பாருங்கள், இப்படி ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பனியன்தான் பின்னாளில் பெரிய பிரசங்கியார் ஆனார்.

விழுந்துபோனவர்களை மறுபடி மனந்திரும்பச் செய்ய முடியாது என்கிற எபிரெயர் 6-ஐ யாராவது காட்டினால், அதே அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பயங்கர எச்சரிக்கைக்கு அடுத்தாற்போலவே, உங்களிடத்தில் நன்மையானதையே நம்பியிருக்கிறோம் என்று ஆசிரியர் எழுதுகிறார்.

மனதில் ஓடும் கெட்ட வார்த்தைகளைப் பற்றி. நீங்கள் விரும்பாமல், வெறுக்க வெறுக்க வருகிற எண்ணம் உங்கள் தீர்மானம் அல்ல. பக்தியுள்ளவர்களுக்கு இது வருவதுண்டு. விரட்ட விரட்ட அதிகமாகும். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பது, யாரிடமாவது 'நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா' என்று திரும்பத் திரும்பக் கேட்பது, இவை கொஞ்ச நேரம் ஆறுதல் தந்து பிறகு பயத்தைக் கூட்டிவிடும். இந்தப் பதிலையும் தினம் பத்துத் தடவை வாசிக்க வேண்டாம். எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையைப் பாருங்கள்.

தூக்கம் போகும் அளவுக்கு இருக்கிறது என்கிறீர்களே, அதற்கு ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணமாகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று அதே ஊழியக்காரர் சொன்னால், கேட்டுக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.