நுகர்வோர் கேள்வி-பதில்: ரேடியேட்டர் மாற்றும்போது அந்த இரண்டு ஆயில் பைப்புகள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். சுருக்கித் தந்திருக்கிறேன்.

என்னுடையது 2007 மாடல் ஆட்டோமேட்டிக் கார். ரேடியேட்டர் ஓட்டை. 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்லித்தான் புதியது வாங்கினேன். மாட்டும்போது பார்த்தால், பழையதில் இருந்த இரண்டு சின்ன பைப் மூக்குகள் புதியதில் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் இரண்டு ஹோஸையும் மெக்கானிக் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டார். "ஊருக்குள்ள ஓட்ட ஒண்ணும் ஆகாது" என்கிறார். நம்பலாமா?
– மன்னார்குடி வாசகர்

நம்ப வேண்டாம். இன்றே காரை நிறுத்திவிடுங்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் மேனுவல் காருக்கான ரேடியேட்டரைத் தலையில் கட்டிவிட்டார்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடும் ஏடிஎஃப் எண்ணெய் சூடாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை இறக்கத்தான் ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஒரு சின்ன ஆயில் கூலர் வைத்திருக்கிறார்கள். ஒரு பைப்பில் சூடான ஆயில் போகும், இன்னொன்றில் ஆறிய ஆயில் திரும்பி வரும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஆயில் ஆறாமலேயே சுற்றும். அதிலும் ஊருக்குள்தான் ஆபத்து அதிகம். சித்திரை வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு, தஞ்சாவூர் கீழவாசல் நெரிசலில் நின்று நின்று நகர்ந்தால் ஆயில் கருகும், கிளட்ச் பிளேட் தீயும்.

பழைய ரேடியேட்டரையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பைப் மூக்கின் இடம், அளவு, மரை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சரியானதை வாங்குங்கள். மாட்டும்போது பட்டறையில் கூடவே நில்லுங்கள்.

இனிமேல் ரேடியேட்டர் மாற்றப்போகிறவர்களும் கேளுங்கள். கழற்றுவதற்கு முன்னால் எந்த ஹோஸ் எந்த மூக்கில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். விறைத்துப்போய் வெடிப்பு தெரிந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும். புது ஹோஸ் மூக்கில் இருக்கும் மேட்டைத் தாண்டி உள்ளே ஏற வேண்டும், கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே கிளிப் போட்டால் பத்து நாளில் ஒழுகும்.

நட்டு போட்டு முடுக்கும் வகை என்றால், முதல் மூன்று சுற்றை விரலாலேயே ஏற்றச் சொல்லுங்கள். விரலுக்கு ஏறவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். அப்படியே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் புது ரேடியேட்டர் அங்கேயே பாழ். இறுக்கும்போது ரேடியேட்டர் பக்கத்து நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கூலரே சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ஓ-ரிங், வாஷர் எது இருந்தாலும் புதிதாகப் போடுங்கள். அப்புறம், டெஃப்லான் டேப் சுற்ற விடாதீர்கள். கூம்பு வாய் இணைப்பு உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்துதான் அடைக்கும். பிய்ந்த டேப் கியர்பாக்ஸ் வால்வுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

வடிந்த ஆயிலை அளந்து, காரின் புத்தகத்தில் சொன்ன அதே வகையை ஊற்றுங்கள். அளவு பார்க்கும் முறையும் காருக்குக் கார் மாறும். பலவற்றில் என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், ஹோண்டா போன்ற சிலவற்றில் அணைத்த பிறகு பார்க்க வேண்டும்.

ஆயில் கூலருக்குப் பெட்ரோல் ஹோஸ் போட்டால் 200 ரூபாய் மிச்சம். போடலாமா?
– திருவாரூர் வாசகர்

கூடாது. ஏடிஎஃப் தாங்கும் என்று மேலேயே அச்சடித்த ஹோஸ் மட்டும்தான்.

கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்த மாதிரி ரோஸ் நிறத்தில் இருக்கிறது. கார் இழுக்கவில்லை. ஆயிலை மட்டும் மாற்றினால் போதுமா?
– மயிலாடுதுறை வாசகி

அம்மா, ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். காரை இன்னொரு வண்டியின் மேலே ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து, ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் கலந்த கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது. கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கரைத்துவிடும். ரேடியேட்டரை மாற்றி, பைப்புகளையும் கியர்பாக்ஸையும் முழுக்கக் கழுவ வேண்டும். கலந்த பிறகு நிறைய தூரம் ஓடியிருந்தால் கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நல்ல ரேடியேட்டரின் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கிப் போட்டேன். பதினோராவது மாதம், கும்பகோணம் போகிற வழியில் அய்யம்பேட்டை தாண்டியதும் என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, கையிலிருந்த செய்தித்தாளில் துடைத்தேன். ரோஸ் மில்க் கொட்டிய மாதிரி ஒரு கறை. வாரண்டி ஆறு மாதத்தோடு முடிந்திருந்தது. கியர்பாக்ஸ் செலவு காரின் விலையையே தொட்டது. வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிட்டேன். உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆன்லைனில் படம் பார்த்து ரேடியேட்டர் வாங்கினேன். ஒரு மாதம் கழித்துப் பிரித்தேன், பொருந்தவில்லை. அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பும் நாளும் போய்விட்டது. யார் மேல் புகார் கொடுப்பது?
– கும்பகோணம் வாசகர்

யார் மேலும் இல்லை. பார்ட் நம்பரைப் பார்க்கவில்லை, வந்த அன்றைக்குப் பிரிக்கவில்லை, பெட்டியையும் வைத்திருக்கவில்லை. இதில் விற்றவர் செய்த தப்பு என்ன?

12 நாளுக்கு முன் வாங்கிய ரேடியேட்டர் தொட்டி ஓரத்தில் ஒழுகுகிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்கிறார்கள். கையில் இருப்பது 'எஸ்டிமேட்' என்று போட்ட சீட்டு மட்டும்தான்.
– நாகப்பட்டினம் வாசகர்

இந்த எஸ்டிமேட் சீட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். வேலூர் ஆனாலும் வேளாங்கண்ணி ஆனாலும் ஒரே வழக்கம்: "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், எதுக்குண்ணே?" என்று கரிசனமாகக் கேட்பார்கள். நாமும் சில நூறு ரூபாய்க்காகத் தலையாட்டிவிடுவோம். பொருள் பழுதாகித் திரும்பிப் போனால், அந்தச் சீட்டில் கடைப் பெயர் இருக்காது, தேதி இருக்காது, "ரேடி – 1" என்று ஒரு கிறுக்கல் இருக்கும். "இது எங்க கடையில வாங்கினதுதானா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்தவர் கள்வனைப் போல நிற்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்காரர் 200 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள விற்பனைக்கு நீங்கள் கேட்காமலேயே பில் போட வேண்டியவர். அது அவர் செய்யும் தயவு இல்லை.

சரி, உங்கள் விஷயம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிக்காதபோது, 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே வகைதான். நீங்கள் 12-ஆம் நாளில் இருக்கிறீர்கள், வேகமாகச் செயல்படுங்கள். கூகுள் பே பதிவு, அந்தச் சீட்டு, ரேடியேட்டரில் உள்ள பார்ட் நம்பரின் படம், ஒழுகும் இடத்தின் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றலாமா?
– வேதாரண்யம் வாசகர்

உங்கள் ஊர் உப்புத் தண்ணீரையா? வேண்டவே வேண்டாம். கலந்தே வரும் கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள்.

என்னுடையது ஏஎம்டி சின்னக் கார். ரேடியேட்டர் மாற்றிய பில்லில் 'கியர் ஆயில் கூலர் பைப் – 1,800 ரூபாய்' என்று இருக்கிறது. கிளட்ச் மிதி இல்லாத வண்டி என்பதால் நானும் கொடுத்துவிட்டேன்.
– பட்டுக்கோட்டை வாசகி

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. ரேடியேட்டருக்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பே இந்தச் சின்னக் கார்களில் கிடையாது. பில் கையில் இருப்பது நல்லதாயிற்று. பட்டறைக்குப் போய் பானட்டைத் திறக்கச் சொல்லி, "அந்தப் பைப்பைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாது. 1,800 ரூபாயையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.