பம்ப் வாங்க அவசரகாலச் சேமிப்பைத் தொடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இரண்டு வருடங்களாக டைப் 1 சர்க்கரை நோய். தினமும் ஐந்து ஊசி போடுகிறோம். ராத்திரி 2 மணிக்கு எழுந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். ஊசிக்குப் பதிலாக, உடம்பில் மாட்டிக்கொண்டால் இன்சுலினைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் இன்சுலின் பம்ப் வைத்தால் நல்லது என்கிறார் மருத்துவர். அதன் விலை எங்கள் குடும்பத்தின் ஏழு மாதச் செலவு. சேமிப்பில் பத்து மாதச் செலவுக்கான பணம் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். மாதத் தவணையிலும் தருகிறார்களாம். ஊசியிலேயே தொடர்ந்தால் பிள்ளைக்குக் குறை வைத்தவளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. அந்தப் பயம் மனதில் இருக்கும்வரை எந்தக் கணக்கும் நேராக வராது.

டைப் 1 சிகிச்சையின் போக்கையே மாற்றிய பெரிய ஆய்வு 1983 முதல் 1993 வரை வட அமெரிக்காவில் 1,441 பேரிடம் நடந்தது. சர்க்கரையைக் கறாராகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பின் அபாயம் 76 சதவீதமும், நரம்புப் பாதிப்பு 60 சதவீதமும், சிறுநீரகப் பாதிப்பு 50 சதவீதமும் குறைந்தன. அந்தக் குழுவில் பம்ப் வைத்தவர்களும் இருந்தார்கள், தினம் மூன்று ஊசியோ அதற்கு மேலோ போட்டவர்களும் இருந்தார்கள். பிரிட்டனில் பெரியவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ரீபோஸ் ஆய்வில், பம்ப் குழுவுக்கும் ஊசிக் குழுவுக்கும் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

இதனால் பம்ப் வேண்டாத பொருள் என்று ஆகிவிடாது. ஊசிப் பேனாவில் அரை யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. பம்ப் 0.05 யூனிட் அளவுக்குக்கூடச் சொட்டு சொட்டாகக் கொடுக்கும், மணிக்கு மணி அளவை மாற்றிக்கொள்ளும். சிறு உடம்புக்கு அது பெரிய விஷயம். சர்க்கரை அளக்கும் சென்சாரோடு பேசி, ராத்திரியில் தானாகவே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் வகை 2016இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. உங்கள் மருத்துவர் மனதில் இருப்பது அந்த வகையா, சென்சார் சேராத பம்பா என்று முதலில் கேளுங்கள். பிந்தையதாக இருந்தால் ஏழு மாதச் செலவைப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இனி பணம். நீங்கள் அனுப்பிய தொகைகளை அப்படியே போடாமல், வீட்டின் மாதச் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். பம்பின் விலை 700. வாரண்டி நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம். அதற்குப் பிறகு அடுத்ததை வாங்க வேண்டிவரும் என்று வைத்தால், மாதம் 15 என்று விழுகிறது. தோலில் செருகும் குழாய் செட்டை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வருடத்துக்கு 122 செட். இதற்கு மாதம் 12.5 என்று எழுதியிருக்கிறீர்கள். சென்சாருக்கும் அதே அளவு ஆகும் என்று விசாரித்திருக்கிறீர்கள். மொத்தம் 40. பம்பில் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான் ஓடும் என்பதால், இப்போது நீண்டநேர இன்சுலினுக்கும் ஊசிமுனைக்கும் ஆகும் 4 மிச்சமாகும். ஆக, மாதம் 36 கூடுதல் செலவு. உங்கள் வருமானத்தில் மிஞ்சுவதோ 30.

விற்பவர்கள் பேசுவதெல்லாம் அந்த 700ஐப் பற்றித்தான். பம்ப் வைத்த குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டை அழுத்துவது முதல் மாதத்தின் பெரிய தொகை அல்ல. முப்பதாவது மாதத்திலும் நிற்காமல் வரும் அந்தச் சின்னத் தொகைதான். கையில் காசில்லாத மாதத்தில் மூன்று நாள் செட்டை ஐந்து நாள் ஓட்டத் தோன்றும். அப்படி ஓட்டினால் தோல் புண்ணாகும், குழாய் அடைத்துக்கொள்ளும், இன்சுலின் சரியாக இறங்காது. உடம்பில் நீண்டநேர இன்சுலின் கையிருப்பு இல்லாததால், பம்ப் நின்றால் சில மணி நேரத்திலேயே, இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் என்ற பொருள் ஏறி ஆபத்தில் விடும். அதனால் பம்ப் வைத்த வீட்டிலும் பேனா, ஊசிமுனை, இரண்டு வகை இன்சுலின், கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை எல்லாம் எப்போதும் இருக்க வேண்டும். மேலே கழித்த 4இல் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். கழன்று விழும் செட், மடங்கிப்போகும் செட் என்று வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வீணாகும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மகள் வயதுக்கு வரும் பருவத்தில் இன்சுலின் தேவை நன்றாகவே ஏறும். ஊசியானாலும் பம்பானாலும் அந்தச் செலவு கூடும்.

சேமிப்பில் இருக்கும் 1,000இல் 700ஐ எடுத்தால் மூன்று மாதச் செலவுதான் மிஞ்சும். டைப் 1 பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஆறு மாதம் குறைந்தபட்சம் என்பேன். வேலை போனால் மற்ற வீடுகள் எதையாவது தள்ளிப்போடலாம். உங்களால் இன்சுலினைத் தள்ளிப்போட முடியாது. எனவே 600ஐத் தொடவே வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? சென்சாரை முதலில் வாங்குங்கள், மருத்துவர் சரி என்றால் இந்த மாதமே. அது பம்ப் இல்லாமல் ஊசியோடும் வேலை செய்யும். சர்க்கரை இறங்கினால் ராத்திரியில் அலாரம் அடிக்கும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அந்த 2 மணிதான். பம்பின் விலை கொடுத்து நீங்கள் வாங்க நினைப்பதில் பாதி உங்கள் தூக்கம். அதில் பெரும்பங்கு 12.5இலேயே கிடைக்கும். மீதி 17.5இல் 15ஐ பம்புக்கென்று தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். சேமிப்பில் 600 போக இருக்கும் 400ஐயும் அதே கணக்கில் வையுங்கள். 20 மாதத்தில் 700 சேர்ந்துவிடும்.

ஆனால் 700 சேர்ந்தாலும் மாதம் 36 செலவு, மிஞ்சுவதோ 30 என்ற பள்ளம் அப்படியேதான் இருக்கும். அதை மூடக்கூடியது காப்பீடு அல்லது வருமான உயர்வு. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பம்பை ஏற்பார்களா, அதைவிட முக்கியமாக செட்டையும் சென்சாரையும் மாதாமாதம் ஏற்பார்களா, ஆண்டு வரம்பு உண்டா, வாங்கும் முன்பே ஒப்புதல் வேண்டுமா, மகளுக்கு எத்தனை வயதுவரை பாதுகாப்பு நீடிக்கும். கருவியை ஏற்று, உதிரிகளை விட்டுவிடும் பாலிசிகள் உண்டு. உங்கள் விஷயத்தில் அது அரைகுறை உதவி. உதிரிகளில் பாதியை அவர்கள் ஏற்றாலே உங்கள் கூடுதல் செலவு 36இலிருந்து 24க்கும் கீழே வந்துவிடும். அப்போது பம்ப் வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

மகளிடமும் கேளுங்கள். பகலும் இரவும் உடம்பில் ஒட்டியிருக்கும் கருவி அது. சில பிள்ளைகள் அன்றே சொந்தமாக்கிக்கொள்கிறார்கள், சிலர் ஒரு மாதத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சோதனை முறையில் சில வாரம் அணிந்து பார்க்க மருத்துவமனை இடம் தருமா என்று விசாரியுங்கள்.

தவணை வேண்டாம். வட்டியோடு 36 தவணை என்றாலும் மாதம் 20க்கு மேல் போகும். அதோடு உதிரிகளும் சேர்ந்தால் 45ஐத் தொடும். கணவரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். அவர் மகளுக்காகத்தான் அவசரப்படுகிறார், அவரை மறுத்துப் பேச வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பதில் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், மறுபடி கணக்குப் போடுவோம்.