கிளிக்கர், ப்ளிக்கர்ஸ், கஹூட் போன்ற கருவிகளை வைத்து வகுப்பில் மாணவர்களை மதிப்பிடுவது உண்மையில் பயன் தருமா?

தரும். ஆனால் மதிப்பெண் போடத்தான் என்றால் வேண்டாம். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே யாருக்கு எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க என்றால், இதைவிட நல்ல துணை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

நான் மும்பை தாராவியில் தமிழ்வழி ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 38 பேர். பாதிப் பேர் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆளுக்கொரு ரிமோட் போலக் கையில் கொடுக்கும் கிளிக்கர் வாங்க எங்களிடம் காசு இல்லை. ப்ளிக்கர்ஸ் எங்களுக்குப் பொருந்தியது அதனால்தான். பிள்ளைகள் கையில் அச்சடித்த ஓர் அட்டை மட்டும் போதும். அதில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வேறு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. எந்த எழுத்து மேலே வரும்படி தூக்கிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் பதில். என் போனில் ப்ளிக்கர்ஸ் செயலியைத் திறந்து, கேமராவை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நகர்த்தினால், 11ஆம் எண் அட்டை பி சொன்னது, 12ஆம் எண் சி சொன்னது என்று பதிவாகிவிடும். பக்கத்தில் இருப்பவனுக்கு அட்டையைப் பார்த்து எதுவும் விளங்காது. இந்த மறைவுதான் இதன் உயிர்.

இதற்கு முன்பு நான் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று ஒரே குரலில் பதில் வரும். கை தூக்குவது எப்போதும் அதே ஐந்து பேர். மற்ற 33 பேரின் மனதில் என்ன இருக்கிறது என்பது பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் இரண்டு பாடம் தாண்டியிருப்போம்.

தசமம் நடத்திய ஒரு நாளைச் சொல்கிறேன். 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று பலகையில் எழுதினேன். ஏ என்றால் 0.35, பி என்றால் 0.4, சி என்றால் இரண்டும் சமம், டி என்றால் 'எனக்குத் தெரியவில்லை'. 21 பேர் 0.35 என்றார்கள். 14 பேர் சரி. 3 பேர் டி. அந்த 21 பேரில், கேட்டதற்கெல்லாம் கை தூக்கும் என் முதல் பெஞ்சுப் பையன்கள் இரண்டு பேர். 35 என்பது 4-ஐ விடப் பெரிது, ஆகவே 0.35 பெரிது. முழு எண்ணில் கற்ற பாடத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள்.

விடையை நான் சொல்லவில்லை. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை ஒன்று இருக்கிறது. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால், பிள்ளைகளையே பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். 30-க்கும் கீழே போனால் நாம்தான் திரும்ப நடத்த வேண்டும். எனக்கு 37 சதவீதம் வந்திருந்தது. பேச விட்டேன்.

கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண். அவள் வீட்டில் விடியற்காலை இட்லி அவித்துத் தெருவுக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது: "ஏட்டி, எங்க வீட்டுத் தராசுல உளுந்து போட்டா 0.400-னு காட்டும். இன்னும் கொஞ்சம் கம்மியா போட்டா 0.350. பின்னாடி சைபர் இருக்கு, இங்க எழுதலை, அவ்வளவுதான்." நான் இருபது நிமிடம் பலகையில் பத்தின் கூறு, நூறின் கூறு என்று எழுதியதை அவள் ஒரு தராசில் முடித்துவிட்டாள். மறு சுற்றில் 31 பேர் சரி.

அங்கே நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். அடுத்து 0.6, 0.73 கேட்டேன். 9 பேர் 0.6 பெரியது என்றார்கள். 'இலக்கம் குறைவாக இருந்தால் பெரியது' என்று புதிதாக ஒரு விதியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் கேள்விக்கு அந்தத் தப்பு விதியும் சரியான விடையைத்தான் கொடுக்கும்! அதனால்தான் சொல்கிறேன், கருவியைவிடக் கேள்விதான் முக்கியம். தவறான விடைகளை வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். பழைய நோட்டுகளைப் புரட்டி, பிள்ளைகள் நிஜமாகச் செய்த தப்புகளையே ஏ, பி, சி ஆக்குங்கள். 'தெரியவில்லை' என்பதற்கும் ஓர் இடம் கொடுங்கள். இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் தூக்கினாலே நாலில் ஒன்று சரியாகிவிடும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒருநாள், யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பெயரோடு புரொஜெக்டரில் போட்டுவிட்டேன். ஒரு பையன் ஒரு வாரம் அட்டையைத் தூக்கவே இல்லை. இப்போது திரையில் மொத்த எண்ணிக்கை மட்டும்தான். பெயர்ப் பட்டியலை வகுப்பு முடிந்த பிறகு நான் தனியாகப் பார்த்து, அந்தந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

போனிலோ கணினியிலோ விடையை அழுத்தும் வினாடி வினா விளையாட்டான கஹூட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் குதூகலிப்பார்கள், உண்மை. ஆனால் அதில் சீக்கிரம் அழுத்துபவருக்குப் புள்ளி அதிகம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கே கணக்கில் தோற்கவில்லை, வேகத்தில் தோற்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பீட்டுக்கு வேண்டாம். கணக்கின் படிநிலைகளைப் பார்க்க, கட்டுரை பார்க்க எல்லாம் நோட்டும் பேனாவும்தான்.

அட்டை தயாரிக்கும்போது பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. கொஞ்சம் கனமான தாளில் அச்சடித்தாலே ஒரு வருடம் வரும். கட்டத்தின் மேல் விரல் படாமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், முதல் நாள் பாதி நேரம் அதற்கே போகும். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகள், அதற்கு மேல் பிள்ளைகள் இருந்தால் 63 அட்டைத் தொகுப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் நெட் போய்விட்டால், அதே அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி நானே வரிசையாக நடந்து பார்த்துக்கொள்வேன்.

ஒரு பீரியடுக்கு ஒரு கேள்வி, அதிகம் போனால் இரண்டு. பத்து கேள்வி கேட்டால் பேச நேரம் இருக்காது, அந்த இட்லி வீட்டுப் பெண்ணின் தராசு என் காதில் விழுந்திருக்காது.