நம்ம எம்.பி. பாதுகாப்பு, நிர்வாகம் பத்தி உருப்படியா பேசறாரான்னு எப்படி பாக்கறது?

குடியாத்தத்துக்காரர் ஒருத்தர் வேலூர் எம்.பி.ய வச்சு இத கேட்டிருக்காரு, நல்ல கேள்வி. மொத்தம் எத்தனை கேள்வி கேட்டாருங்கற எண்ணிக்கைய மட்டும் பாத்து ஏமாறாதீங்க. லோக்சபால ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விதான், அதுக்கு மினிஸ்டர் எழுந்து நின்னு பதில் சொல்லணும், அங்கயே துணைக்கேள்வி போட்டு மடக்கலாம், அதுவும் 11லிருந்து 12 மணிக்குள்ள 20ம் முடியறது அபூர்வம், மீதி 230 நட்சத்திரமில்லாத கேள்விக்கு பதில் எழுத்துல வந்துடும், அதோட சரி. அதனால துணைக்கேள்வில எவ்ளோ குடைஞ்சாருன்னு பாருங்க, ஆளோட தரம் அங்கதான் தெரியும்.

போலீஸ் மாநில சப்ஜெக்ட், இத நிறைய பேரு மறந்துட்டு எம்.பி.ய திட்டறாங்க. காட்பாடி ஜங்ஷன்ல ராத்திரி பை திருடு போனா கேஸ் போடறது தமிழ்நாடு ரயில்வே போலீஸ், அது சட்டசபை விஷயம், அதே பிளாட்பாரத்துல ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆளு பத்தலன்னா ரயில்வே அமைச்சகம், எம்.பி. கண்டிப்பா கேக்கணும்.

லோக்சபா வெப்சைட்ல உறுப்பினர் பேர போட்டு தேடினா கேள்வி, விவாதம் எல்லாம் கிடைக்கும். ஆனா உள்துறை நிலைக்குழு மாதிரி கமிட்டி கூட்டம் மூடின அறைலதான் நடக்கும், நேரலையும் கிடையாது, அந்த உழைப்பு வெளிய அவ்வளவா தெரியாது.