யாரிடம் எப்படிச் சொன்னால் எடுபடும்? அலுவலகப் பேச்சு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஒரே யோசனையை இரண்டு மேலாளர்களிடம் ஒரே மாதிரி சொன்னேன். ஒருவர் உடனே சரி என்றார், மற்றவர் தட்டிக் கழித்துவிட்டார். ஆள் எப்படிப்பட்டவர் என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: குணத்தைக் கணிக்கப் போகாதீர்கள், கேள்வியைக் கவனியுங்கள். கடைசி மூன்று நான்கு கூட்டங்களில் யாராவது ஒரு யோசனை சொன்னபோது அவர் முதலில் என்ன கேட்டார்? "எவ்வளவு செலவு, எப்போது முடியும்?" என்றால் அவருக்கு முடிவு முதலில் தெரிய வேண்டும். "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்றால் ஆதாரம். "மற்றவர்களிடம் பேசிவிட்டீர்களா?" என்றால் யாருக்கும் மனக்கசப்பு வராது என்ற உறுதி. அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் முதல் வாக்கியம்.

மனிதர்களை நான்கு வகையாகப் பிரிக்கும் சோதனைகளை நம்பி ஒருவருக்கு முத்திரை குத்திவிடாதீர்கள். பணம் என்றால் ஒரு மாதிரியும் ஆட்களை மாற்றுவது என்றால் வேறு மாதிரியும் கேட்பவர்கள்தான் அதிகம்.

கேள்வி: என் மேலதிகாரிக்கு நேரமே இல்லை. இரண்டாவது ஸ்லைடிலேயே ஃபோனை எடுத்துவிடுகிறார்.

பதில்: ஸ்லைடே வேண்டாம், நான்கு வரி போதும். இப்படி: "சோதனைப் பணிக்கு இன்னொருவர் ஆறு வாரம் தேவை. இப்போது ஒவ்வொரு வெளியீடும் நான்கு நாள் தள்ளிப்போகிறது. பராமரிப்புக் குழுவிலிருந்து ஒருவரை எடுத்தால் அங்கே இரண்டு வேலைகள் அடுத்த மாதத்துக்குப் போகும். வியாழனுக்குள் சரி என்றால் திங்கள் தொடங்கிவிடலாம்."

பலரும் விட்டுவிடுவது மூன்றாவது வரியை. பாதகத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அவரே தோண்டத் தொடங்குவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நீங்களே சொன்னால், யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் குழுத் தலைவர் நேர் எதிர். எத்தனை விவரம் கொடுத்தாலும் "இன்னும் தரவு வேண்டும்" என்கிறார்.

பதில்: தரவு தேடுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "எந்த எண் எவ்வளவு இருந்தால் சரி என்பீர்கள்?" பதில் கிடைத்தால் அதை மட்டும் திரட்டுங்கள். கோப்பை முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கூட்டத்தில் முதல்முறையாக ஒரு அட்டவணையைப் பார்ப்பது பிடிக்காது. கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

எண்ணைச் சொல்ல அவரால் முடியவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் குறை தரவில் இல்லை. தவறிப்போனால் பழி தன் மேல் விழுமே என்ற கவலை. அதற்கு மருந்து, திரும்பப் பெறக்கூடிய சிறு முயற்சி: ஒரு குழு, இரண்டு வாரம், "பிழைகள் இத்தனைக்கு மேல் போனால் பழைய முறைக்கே திரும்பிவிடுவோம்" என்று எழுத்தில் ஒரு நிபந்தனை.

கேள்வி: ஒரு சக ஊழியர் கூட்டத்தில் தலையாட்டுகிறார். பிறகு எதுவும் நடப்பதில்லை.

பதில்: பலர் முன்னால் மறுக்கக் கூச்சப்படுகிறவரிடம் "சரிதானே?" என்று கேட்டால் "சரி" என்றுதான் வரும். தனியாக உட்கார்ந்து, "இதில் எது நடக்காமல் போகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். குறை சொல்ல நீங்களே அனுமதி கொடுத்ததாக ஆகும்.

ஜப்பானிய நிறுவனங்களில் நெமாவாஷி என்று ஒரு வழக்கம் உண்டு. முறையான கூட்டத்துக்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே பார்த்துப் பேசிவிடுவார்கள். இதைச் செய்கிறவர்கள் பலர் ஆதரவாளர்களிடமிருந்து தொடங்குவார்கள். நான் சொல்வது, அதிகம் பாதிக்கப்படப் போகிறவரிடம் முதலில் போங்கள். அவர் சொன்ன ஒன்றையாவது திட்டத்தில் சேர்த்து, சேர்த்ததை அவரிடமே காட்டுங்கள். முடிவெடுப்பவரைக் கடைசியில் பாருங்கள்.

கேள்வி: ஏதாவது ஒரு காரணம் சொன்னாலே ஆட்கள் சம்மதித்துவிடுவார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறதாமே?

பதில்: பாதிதான் உங்களை வந்தடைந்திருக்கிறது. 1978-இல் உளவியலாளர் எலன் லேங்கரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அது. நகல் இயந்திரத்தைப் பயன்படுத்த வந்தவரிடம் "நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்கள். கேட்டவரிடம் குறைவான பக்கங்கள் இருந்தபோது, காரணமே சொல்லாமல் 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். "அவசரம்" என்றபோது 94. "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற வெற்றுக் காரணத்துக்கும் 93.

பக்கங்கள் அதிகமானதும் நிலைமை மாறியது. காரணம் இல்லாமல் 24, வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மைக் காரணத்துக்கு 42. ஆகவே சின்ன உதவிக்கு எதைச் சொன்னாலும் ஓடும். ஒருவரின் வார இறுதியைக் கேட்கிறீர்கள் என்றால் "மேலிடத்தில் கேட்கிறார்கள்" என்பது காரணமே அல்ல.

கேள்வி: ஆளுக்கு ஒரு மாதிரி பேசுவது நடிப்பு இல்லையா?

பதில்: வரிசை மாறலாம், நீளம் மாறலாம், உதாரணம் மாறலாம். செலவும் ஆபத்தும் தேதியும் மாறக்கூடாது. இருவருக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா? இருக்கும் என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

கேள்வி: எல்லா வகையினரும் ஒரே கூட்டத்தில் இருந்தால்?

பதில்: முடிவெடுப்பவரின் கேள்விக்கு முதலில் பதில். விவரம் கேட்பவருக்குத் தனி இணைப்பு, எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மறுத்துவிட்டார். மறுபடி எப்போது கேட்கலாம்?

பதில்: ஏதாவது மாறிய பிறகு. அதே காரணங்களை அடுத்த வாரம் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் மறுப்பு இறுகும். மறுத்த அன்றே, அமைதியாக, "எது மாறினால் இதை மறுபடி பார்க்கலாம்?" என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை அந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகவே எழுதித் தொடங்குங்கள்.